மரத்தவளை வளர்ப்பும் சட்டமும்: சென்னையில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் மரத்தவளை வளர்க்க விரும்பும் ஒருவரின் மனத்தில் பெரும்பாலும் மூன்று தவளைகளில் ஒன்றுதான் இருக்கும். முதலாவது, குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியிலும் பகலெல்லாம் ஒட்டிக்கொண்டு உறங்கும் நம் ஊர் மரத்தவளை. பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இரண்டாவது, ஆஸ்திரேலியாவையும் நியூ கினியையும் தாயகமாகக் கொண்ட, கொழுகொழுவென்று பச்சை நிறத்தில் இருக்கும் வெள்ளையர் மரத்தவளை (ஆங்கிலத்தில் ‘ஒயிட்ஸ் ட்ரீ ஃப்ராக்’). விற்பவர்கள் இதை ‘டம்பி’ என்றும் சொல்வதுண்டு. மூன்றாவது, நாட்காட்டிகளிலும் கணினித் திரைகளிலும் நாம் அடிக்கடி பார்த்திருக்கும் மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளை. இந்த மூன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றுபோல உட்கார்ந்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் மூன்று வெவ்வேறு நிலங்களில் நிற்கின்றன. கையருகே கிடைப்பது சட்டத்திற்கு உட்பட்டது என்றும், விலை உயர்ந்தது முறையாக வந்திருக்கும் என்றும் நினைத்துக்கொள்வதுதான் வாங்குவோர் பலரிடம் இருக்கும் பிழையான எண்ணம்.

‘தவளை வளர்க்கலாமா, கூடாதா’ என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் ஒரே வரியில் விடை இல்லை. சட்டம் கேட்பது வேறு மூன்று கேள்விகள்: இது எந்த இனம், எங்கிருந்து எடுக்கப்பட்டது, உங்கள் கைக்கு எந்த வழியாக வந்தது. இம்மூன்றுக்கும் தாளில் விடை வைத்திருப்பவருக்கு அச்சமில்லை. இல்லாதவருக்கு, தவளை எத்தனை நலமாக இருந்தாலும், சிக்கல் காத்திருக்கிறது.

வீட்டுச் சுவரில் இருப்பது யாருடையது?

முதலில் நம் ஊர்த் தவளையை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டு விலங்குகளைப் பொறுத்தவரை அடிப்படையாக இருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். இச்சட்டம் 2022-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆறாக இருந்த அட்டவணைகள் இப்போது நான்காகக் குறைந்துள்ளன: முதல் அட்டவணையில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் விலங்குகள், இரண்டாவதில் அதற்கு அடுத்த நிலையில் உள்ளவை, மூன்றாவதில் தாவரங்கள், நான்காவதில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனங்கள். சட்டத்தின் மொழியில் ‘வனவிலங்கு’ என்றாலே முதல் இரண்டு அட்டவணைகளில் பெயர் இருக்கும் விலங்கு என்றுதான் பொருள். ‘வேட்டை’ என்பதும் துப்பாக்கியோடு காட்டுக்குள் போவது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறியில் சிக்கவைப்பது, அவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தையும் அந்தச் சொல் உள்ளடக்கும். ஆகவே அட்டவணையில் உள்ள ஒரு தவளையைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து மூடிவைக்கும் பள்ளிச் சிறுவனின் செயலும் சட்டத்தின் இலக்கணப்படி வேட்டைதான். அப்படிப் பிடிக்கப்பட்ட விலங்கு அரசின் உடைமை என்று 39-ஆம் பிரிவு கூறுகிறது. பிடித்தவருக்கு அதன்மேல் எந்த உரிமையும் பிறப்பதில்லை.

அட்டவணையில் ஒரு தவளையின் பெயர் இருக்கிறதா என்பதை ஊர்ப் பெயரையோ ஆங்கிலப் பெயரையோ வைத்துத் தேடக் கூடாது. அறிவியல் பெயரை வைத்தே தேட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. திருத்தத்துக்கு முந்தைய நான்காம் அட்டவணையில் நன்னீர்த் தவளைகள் ‘ரானா’ என்ற பேரினப் பெயரால் ஒட்டுமொத்தமாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் வகைப்பாட்டியல் அறிஞர்கள் நம் பெருந்தவளை உள்ளிட்ட பல இனங்களை அந்தப் பேரினத்திலிருந்து வெளியே எடுத்து வேறு பேரினங்களில் சேர்த்துவிட்டார்கள். சட்டத்தின் பட்டியல் ஓரிடத்தில் நிற்க, அறிவியலின் பட்டியல் நகர்ந்துகொண்டே இருந்தது. இதே நிலை வெளிநாட்டு இனங்களுக்கும் உண்டு: வெள்ளையர் மரத்தவளையை நெடுங்காலம் ‘லிடோரியா செருலியா’ என்றே எழுதிவந்தார்கள், இப்போது சிலர் ‘ரானாய்டியா செருலியா’ என்று எழுதுகிறார்கள்; அமெரிக்கப் பச்சை மரத்தவளை ‘ஹைலா’விலிருந்து ‘டிரையோஃபைட்டஸ்’ ஆகிவிட்டது. ஏற்றுமதி ஆவணத்தில் ஒரு பெயரும் விற்பனை ரசீதில் வேறொரு பெயரும் இருந்தால், பரிசோதிக்கும் அதிகாரிக்கு அவை இரண்டு வெவ்வேறு விலங்குகளாகத் தோன்றலாம். பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே எழுதி வாங்குவது நல்லது.

இனத்தின் பெயர் மட்டுமன்றி, பிடித்த இடமும் சட்டத்திற்கு முக்கியம். தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பாதுகாக்கப்படுவது அட்டவணை விலங்கு மட்டுமல்ல, அந்த வாழிடத்தின் பகுதியாக இருக்கும் எந்த உயிரும்தான். அங்கிருந்து எதையும் அகற்ற 29, 35 ஆகிய பிரிவுகள் தடை விதிக்கின்றன. சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிண்டி தேசியப் பூங்காவும் ஐஐடி வளாகமும் ஒரு காலத்தில் ஒரே காடாக இருந்தவை. இன்று இடையே ஒரு சுவர் இருக்கிறது. சுவரின் இருபுறமும் ஒரே மாதிரியான தவளைகள் கத்தினாலும், பூங்காவின் பக்கத்தில் இருக்கும் தவளையை எடுப்பது, அது அட்டவணையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றம். மறுபக்கத்தில் கேள்வி அதன் இனத்தைப் பொறுத்து அமையும். நன்மங்கலம் போன்ற காப்புக்காடுகளுக்குத் தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன் கட்டுப்பாடுகளும் உண்டு. மழைக்குப்பின் ஏரிக்கரைகளுக்கும் காட்டோரங்களுக்கும் நடைபயணம் போகிறவர்கள் வீட்டுத் தொட்டிக்கென்று ஒன்றிரண்டைக் கொண்டுவரும் வழக்கம் இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வால்பாறை, ஆனைமலைப் பகுதிகளுக்கு விடுமுறையில் போகிறவர்கள் விரல்களுக்கிடையே சிவந்த சவ்வை விரித்து மரத்திலிருந்து மிதந்து இறங்கும் மலபார் பறக்கும் தவளையைப் பார்த்து மயங்குவது இயல்பு. ஆனைமலையில் வாழும் அதன் நெருங்கிய உறவான ராக்கோஃபோரஸ் சூடோமலபாரிகஸ் 2000-ஆம் ஆண்டில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. மிகக் குறுகிய பரப்பில் மட்டுமே அது இருக்கிறது. அழகு, அரிது, குறுகிய வாழிடம் என்ற இந்த மூன்றும் சேர்ந்த விலங்கைத்தான் கள்ளச் சந்தை முதலில் தேடுகிறது. அந்த மலைகளில் பெரும்பகுதி புலிகள் காப்பகமாகவும் காப்புக்காடாகவும் இருப்பதால், அங்கிருந்து வந்ததாக ஒருவர் சொல்லும் எந்தத் தவளையையும், விலை கேட்பதற்கு முன்பே மறுத்துவிடுவது பாதுகாப்பானது.

தண்டனையைப் பொறுத்தவரை, 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றமென்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இத்தனைக்கும் பிறகு குளியலறைத் தவளையின் நிலை என்ன என்று கேட்டால், என் கருத்து எளிமையானது. வறண்ட மாதங்களில் ஈரம் தேடித் தானாக வந்து, இரவில் பூச்சி பிடிக்க வெளியே போய், விடியலில் திரும்பி வரும் ஓர் உயிரைப் பெட்டியில் அடைக்காத வரை சட்டம் வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை. அதற்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சுவர் கழுவும்போது அமிலக் கலவையைத் தவிர்த்தால் போதும்.

கடல் தாண்டி வருபவை

வெளிநாட்டுத் தவளைகளின் கதை சைட்டிஸ் உடன்படிக்கையில் தொடங்குகிறது. அருகிவரும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்த 1973-இல் உருவான இந்த உடன்படிக்கையில் இந்தியா 1976-இல் சேர்ந்தது. இதன் முதல் பின்னிணைப்பில் இருப்பவற்றின் வணிகம் ஏறத்தாழத் தடைசெய்யப்பட்டது. இரண்டாவதில் இருப்பவற்றை ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதி ஆவணத்தோடுதான் எல்லை கடத்த முடியும். மூன்றாவது, ஒரு நாடு தன் இனத்துக்காக மற்ற நாடுகளின் ஒத்துழைப்பைக் கோருவது. செங்கண் மரத்தவளை அடங்கிய அகாலிக்னிஸ் பேரினம் 2010-இல் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. நச்சு அம்புத் தவளைகள் 1987 முதலே அங்கே இருக்கின்றன. வயிற்றுத்தோல் வழியே இதயம் துடிப்பது தெரியும் கண்ணாடித் தவளைகளின் குடும்பம் முழுவதும் 2022-இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் சேர்க்கப்பட்டது. வெள்ளையர் மரத்தவளையும் அமெரிக்கப் பச்சை மரத்தவளையும் இந்தப் பின்னிணைப்புகளில் இல்லை.

தவளைகளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள உறவில் நமக்கே ஒரு பழைய பங்கு உண்டு என்பதை இடையில் சொல்லிவிடலாம். ஐரோப்பிய உணவு மேசைகளுக்காகத் தவளைக் கால்களைப் பேரளவில் ஏற்றுமதி செய்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் வயல்களின் பெருந்தவளையும், சென்னையைச் சுற்றியுள்ள குளங்களில் பாசியின்மேல் மிதந்துகொண்டிருக்கும் பச்சைக் குளத்துத் தவளையும் 1985-இல் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்ந்தன. 1987-இல் இந்தியா அந்த ஏற்றுமதியையே நிறுத்தியது. மலிவாகவும் மிகுதியாகவும் தோன்றும் தவளைக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு இருக்காது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

நீண்ட காலம் இந்தியாவில் ஓர் இடைவெளி இருந்தது. சைட்டிஸ் விதிகள் எல்லையில் மட்டுமே, அதாவது சுங்கச் சட்டத்தின் வழியாகவும் வெளிநாட்டு வணிகக் கொள்கையின் வழியாகவும் மட்டுமே செயல்பட்டன. ஒருமுறை விமான நிலையத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட அயல்நாட்டு விலங்கைக் கேட்க உள்நாட்டுச் சட்டம் இல்லை. இந்த இடைவெளியில்தான் அயல்நாட்டுச் செல்லப்பிராணி வணிகம் பெருநகரங்களில் செழித்தது. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு தன்விருப்ப அறிவிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது: சைட்டிஸ் பின்னிணைப்புகளில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் தாமாக அறிவித்தால், அவற்றின் மூல ஆவணங்கள் கேட்கப்பட மாட்டா. அத்திட்டம் ஓர் அறிவுரை மட்டுமே, சட்டமாக இல்லை. 2022 திருத்தம்தான் அதற்குச் சட்ட உடலைத் தந்தது. சைட்டிஸ் இனங்கள் புதிய நான்காம் அட்டவணையில் வைக்கப்பட்டன. அவற்றில் உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதை அறிவித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும் என்று 49எம் பிரிவு விதித்தது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதன்பின் புதிதாகப் பெறுபவர்கள் 30 நாட்களுக்குள் பரிவேஷ் வழியாக மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? இன்று சென்னையில் ஒருவர் செங்கண் மரத்தவளை ஒன்றை விற்க முன்வந்தால், அவரிடம் இருக்க வேண்டியது வெறும் ரசீது அன்று, அந்தத் தவளைக்கான பதிவுச் சான்று. வாங்குபவரின் பெயருக்கு அது மாற்றப்பட வேண்டும். அந்தக் கைமாற்றமும் அறிவிக்கப்பட வேண்டும். தவளை இறந்தாலும் தெரிவிக்க வேண்டும், குட்டி ஈன்றாலும் தெரிவிக்க வேண்டும். பாம்புக்கும் கிளிக்கும் எழுதப்பட்ட விதி தவளைக்குப் பொருந்தும்போது சற்று வேடிக்கையாகிவிடுகிறது: செங்கண் மரத்தவளை ஒருமுறை இலையில் இடும் முட்டைகள் ஏறத்தாழ 40 இருக்கும். அவற்றில் எத்தனை தலைப்பிரட்டைகள் ஆகும், எத்தனை கால் முளைத்து ஏறும் என்பது நாளுக்கு நாள் மாறும். ஆணும் பெண்ணுமாக இணையாக வாங்க நினைப்பவர் இந்தத் தாள்வேலையையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சைட்டிஸ் அனுமதி ஆவணத்தைப் பார்க்க நேர்ந்தால், அதில் ஒரே ஓர் எழுத்தைத் தேடிப் பாருங்கள். விலங்கின் மூலத்தைக் குறிக்கும் இடத்தில் ‘சி’ என்றிருந்தால் வளர்ப்பிலேயே தலைமுறைகளாக இனப்பெருக்கமானது. ‘எஃப்’ என்றால் வளர்ப்பில் பிறந்தது, ஆனால் அந்த முழு வரையறைக்குள் வராதது. ‘டபிள்யூ’ என்றால் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டது. விற்பவர் ‘வளர்ப்புத் தவளை’ என்று வாயால் சொல்வதற்கும் தாளில் இருக்கும் எழுத்துக்கும் இடையே வேறுபாடு இருந்தால், தாளையே நம்ப வேண்டும்.

‘பட்டியலில் இல்லை’ என்ற பாதி உண்மை

இப்போது வெள்ளையர் மரத்தவளைக்கு வருவோம். விற்பனையில் அதிகம் காதில் விழும் வாசகம் இதுதான்: “இது சைட்டிஸ்ல வராது சார், பேப்பர் எதுவும் தேவையில்ல.” முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையன்று. சைட்டிஸ் பட்டியலில் இல்லாததால் 49எம் பதிவு தேவைப்படாது என்பது சரி. ஆனால் உயிருள்ள விலங்குகளை நாட்டுக்குள் கொண்டுவருவது பொதுவாகவே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சுங்க வகைப்பாட்டில் 0106 என்ற தலைப்பின்கீழ் வரும் ‘பிற உயிருள்ள விலங்குகள்’ தடையின்றி இறக்குமதி செய்யக்கூடியவை அல்ல. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். அத்தோடு ஏற்றுமதி நாட்டின் கால்நடை மருத்துவச் சான்று, இங்கே கால்நடை பராமரிப்புத் துறையின் இறக்குமதி அனுமதி, வந்திறங்கியதும் தனிமைப்படுத்தல் ஆகியவையும் வரிசையில் நிற்கும். தென்னிந்தியாவுக்கான விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. உரிமமின்றி வந்த சரக்கைச் சுங்கச் சட்டம், 1962-இன் 111-ஆம் பிரிவின்கீழ் பறிமுதல் செய்யலாம், தண்டத் தொகை விதிக்கலாம், வழக்கும் தொடரலாம்.

இறக்குமதியின் இந்த நீண்ட பாதையை முறையாகக் கடந்த தவளை இந்தியச் சந்தையில் எத்தனை இருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு சிறிய தவளைக்காக இத்தனை உரிமங்களையும் பெறும் வணிகர் அதன் விலையில் அதைக் காட்டத்தான் செய்வார். அதனால், சைட்டிஸ் பட்டியலில் இல்லாத தவளை மலிவாகக் கிடைக்கிறதென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதன் தாய் தந்தை இந்தியாவுக்குள் எந்த ஆவணத்தோடு வந்தன? இங்கேயே பொரித்த குஞ்சு என்று விற்பவர் சொன்னால், அதுவும் நடக்கக்கூடியதே. வெள்ளையர் மரத்தவளை வளர்ப்பில் எளிதாக இனம்பெருக்கும் தவளைதான். ஆனாலும் அந்த மூலச் சோடியின் இறக்குமதி ஆவண நகலையும், வளர்த்தவர் எழுதிக் கையொப்பமிட்ட விற்பனைச் சீட்டையும் கேட்டு வாங்குவது தவறாகாது. தர மறுப்பவரிடம் வாங்காமலிருப்பதே என் பரிந்துரை.

இந்தத் தவளையின் தாயக நாடு எப்படி நடத்துகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியா தன் நாட்டு உயிருள்ள தவளைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆகவே உலகச் சந்தையில் ‘ஆஸ்திரேலியத் தவளை’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் வேறு நாடுகளின் வளர்ப்பகங்களில் பிறந்தவை, அல்லது நியூ கினியின் இந்தோனேசியப் பகுதியிலிருந்து வந்தவை. சிட்னியில் இருக்கும் நம் உறவினர் ஒருவர் அதே தவளையைத் தம் வீட்டில் வைத்திருக்க வேண்டுமென்றால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உரிமம் பெற வேண்டும். அவர் ஊர் திரும்பும்போது அதைக் கையோடு கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தங்கிவிட்டுக் குடிபெயர்ந்து வருபவருக்கு இரண்டு செல்லப்பிராணிகள் என்ற சலுகை இருந்தாலும், நடைமுறையில் அது நாய்க்கும் பூனைக்கும் உரியது.

விமான நிலையத்தில் என்ன நடக்கிறது என்பது செய்தித்தாள் வாசிக்கும் எவருக்கும் தெரியும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டு விலங்குகள் பிடிபடுவது சென்னை விமான நிலையத்துக்குப் புதிதன்று. 2019 பிப்ரவரியில் ஒரு சிறுத்தைக் குட்டியே அப்படிப் பிடிபட்டு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருப்பதால் சுங்கத் துறையினர் இனத்தை அடையாளம் காண உதவி உடனே கிடைக்கிறது. பிடிபட்ட விலங்குகளை வந்த நாட்டுக்கே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவது வழக்கம். அந்தச் செலவு பயணியின் தலையில் விழும். துணிகளுக்கிடையே சுருட்டப்பட்டு வரும் தவளைகளில் எத்தனை அந்தத் திரும்பும் பயணத்தைத் தாங்கும் என்பது வேறு கேள்வி. தோலின் வழியாகவும் மூச்சுவிட்டு, தோலின் வழியாகவே நீர் பெறும் உயிருக்கு உலர்ந்த துணி மெதுவான தண்டனைதான்.

பெட்டிக்குள்ளும் சட்டம் உண்டு

தவளை முறையாகவே வந்தது என்று வைத்துக்கொண்டாலும், வளர்க்கும் விதமும் சட்டத்தின் கண்ணுக்கு அப்பாற்பட்டதன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் ‘விலங்கு’ என்பதை மனிதர் அல்லாத எந்த உயிரும் என்றே வரையறுக்கிறது; தவளையும் அதற்குள் அடங்கும். நகரத் தேவையான உயரம், நீளம், அகலம் இல்லாத பெட்டியில் அடைப்பதும், போதுமான உணவோ நீரோ இருப்பிடமோ தராமல் விடுவதும் 11-ஆம் பிரிவின்படி வதைதான். முதல் குற்றத்துக்கு விதிக்கப்படும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்பது 1960-இன் பணமதிப்பு இன்னும் சட்டத்தில் உறைந்து கிடப்பதைத்தான் காட்டுகிறது. அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் வழக்கு, நீதிமன்றம், விலங்கின் பறிமுதல் ஆகியவற்றுக்கு இந்தத் தொகையில் அடங்காத செலவு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். இச்சட்டத்தின்கீழ் 1962-இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியம் ருக்மிணி தேவி அருண்டேலின் தலைமையில் இந்த நகரத்தில்தான் தொடங்கியது. 2018-இல் ஹரியானாவுக்கு இடம்பெயரும் வரை அதன் தலைமையகம் சென்னையாகவே இருந்தது.

மரத்தவளைக்கு ‘போதுமான இருப்பிடம்’ என்பது சென்னையில் எதைக் குறிக்கும்? அது ஏறும் உயிர் என்பதால் பெட்டிக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம். வெள்ளையர் மரத்தவளை நம் வெயிலை ஓரளவு தாங்கும். செங்கண் மரத்தவளைக்கு மழைக்காட்டின் ஈரமும் மிதமான வெப்பமும் வேண்டும், மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் நகரத்தில் மாடி வீட்டின் ஓர் அறையை அப்படி வைத்திருப்பது குளிர்சாதனத்தை நம்பிய வாழ்க்கை. தண்ணீரும் கவனிக்க வேண்டியது. குளோரின் கலந்த மெட்ரோ வாட்டரை நேராகத் தெளித்தால் தோல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே பயன்படுத்த வேண்டும். வெள்ளையர் மரத்தவளை 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. வாடகை வீடு மாறும்போதும், வேலைக்காக ஊர் மாறும்போதும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் அந்தப் பொறுப்பு சட்டப்படி உரிமையாளருடையதே.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. செல்லப்பிராணிக் கடை விதிகள், 2018-இன்படி கடை நடத்துபவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலோ பிராட்வேயின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ வாங்கும் எவரும் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் நாய், பூனைகளை மனத்தில் வைத்து எழுந்தது. தவளைக்கு அது தேவையில்லை, அதைக் காட்டித் தவளையை நியாயப்படுத்தவும் முடியாது.

வேண்டாம் என்றால் எங்கே விடுவது?

வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ பூங்காவிலோ விட்டுவிடுவது கருணை என்று பலர் நினைக்கிறார்கள். அயல்நாட்டுத் தவளையைப் பொறுத்தவரை இதைவிடக் கேடான செயல் வேறில்லை. 1990-களின் இறுதியில் அடையாளம் காணப்பட்ட கைட்ரிட் என்ற தோல் பூஞ்சை, உலகெங்கும் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ் இனங்களின் சரிவுக்குக் காரணமாகியிருக்கிறது. அவற்றில் 90 இனங்கள் அழிந்துபோயிருக்கலாம் என்று 2019-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்தப் பூஞ்சை கண்டம் தாண்டியதில் தவளை வணிகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நலமாகத் தெரியும் தவளையும் அதைச் சுமந்திருக்கலாம். கூபா நாட்டு மரத்தவளை ஃபுளோரிடாவில் பரவி அங்குள்ள சிறிய தவளைகளைத் தின்று வருவது இன்னொரு வகைச் சேதம். இத்தகைய ஊடுருவும் அயல் இனங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் உடைமையையும் பரவலையும் தடைசெய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 62ஏ பிரிவும் 2022 திருத்தத்தில்தான் வந்தது. இன்று பட்டியலில் இல்லாத ஒரு தவளை நாளை ஓர் அறிவிக்கையால் தடைசெய்யப்பட வாய்ப்பு இருக்கிறது என்பதையும் வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே கைவிட வேண்டியவர் முன் இரண்டு வழிகள்தான் உள்ளன. நான்காம் அட்டவணை இனமென்றால், பதிவை மாற்றித் தகுதியான வேறொருவருக்குக் கொடுக்கலாம். அல்லது தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அலுவலகத்துக்கு எழுதி, ஒப்படைக்கும் முறையைக் கேட்கலாம். பதிவு செய்யும் காலத்தைத் தவறவிட்டு, இப்போது ஆவணமில்லாத தவளையோடு இருப்பவருக்கும் அதே அலுவலகம்தான் முதல் வாசல். சோதனைக்கு ஆட்கள் வருவதற்கு முன் தாமாகப் போய்ச் சொன்னவரை ஓர் அதிகாரி நடத்தும் விதமும், சோதனையில் அகப்பட்டவரை நடத்தும் விதமும் ஒன்றாக இருப்பதில்லை. போகும்போது ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, தவளையின் அறிவியல் பெயர், யாரிடமிருந்து எப்போது வாங்கியது, எவ்வளவு கொடுத்தது, பணம் கைமாறிய சான்று, உடலமைப்பு தெளிவாகத் தெரியும் படங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது இவைதான்.